வீட்டுலயே கில்ன் வச்சு கண்ணாடி உருக்குறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொட்டைமாடி ரூம்ல ஒரு சின்ன எலக்ட்ரிக் கில்ன் (அதிக சூட்டுல சுடுற மூடி வச்ச அடுப்பு) வச்சு ஆறு வருஷமா கண்ணாடி வேலை பண்றேன், தட்டு, கிண்ணம், ஜன்னல்ல தொங்க விடுற பீஸ், இந்த மாதிரி. பாக்க வர்றவங்க, போன்ல கூப்பிடுறவங்க எல்லாரும் திரும்பத் திரும்ப கேக்குறத ஒரே எடத்துல எழுதி வச்சிடலாம்னு தோணுச்சு. ஒண்ண முதல்லயே சொல்லிடறேன். கண்ணாடிய உருக்குறது சுலபம், அத ஆற வைக்குறதுலதான் மொத்த வேலையும் இருக்கு. கீழ எந்த பதில படிச்சாலும் அந்த விஷயம் எங்கயாவது எட்டிப் பாக்கும்.

கண்ணாடி ஊதுறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

ஊதுறவங்க 1000 டிகிரிக்கு மேல கொதிக்குற உலையில இருந்து குழாய்ல கண்ணாடிய சுத்தி எடுத்து ஊதுவாங்க, அதுக்கு பெரிய உலை வேணும், கூட ஒரு ஆளும் வேணும். நாம பண்றது வேற. கடையில வாங்குன ஷீட்ட ஆறிப்போன நிலையிலயே வெட்டி, அடுக்கி, கில்ன்ல வச்சு மூடிட்டு சூடு ஏத்துறோம். ஆர்ட் கிளாஸ்னா (இந்த வேலைக்குன்னே விக்குற கலர் ஷீட்) 630ல இருந்து 675 டிகிரிக்குள்ள துணி மாதிரி தொய்ஞ்சு அச்சுல படியும், அது ஸ்லம்பிங். 730-760ல பீஸ் எல்லாம் ஒட்டிக்கும் ஆனா மேடு பள்ளம் கைக்கு தெரியும், அது டேக் ஃப்யூஸ். 800 தாண்டினா எல்லாம் ஒண்ணாகி மேல சமமாயிடும், அதுதான் ஃபுல் ஃப்யூஸ். ஜன்னல் கண்ணாடிக்கு இதெல்லாம் இருபது முப்பது டிகிரி கூட வேணும்.

இது ஏதோ புதுசா வந்த பொழுதுபோக்குன்னு நினைக்காதீங்க. ஊதுற முறை வந்ததே கி.மு. முதல் நூற்றாண்டு வாக்குலதான், சிரியா பாலஸ்தீனம் பக்கம். அதுக்கு முன்னாடி எகிப்துலயும் மெசபடோமியாவுலயும் அச்சுல ஊத்தியும், மண் உருவத்து மேல கண்ணாடிய சுத்தியும்தான் பாத்திரம் செஞ்சாங்க.

மண்பாண்டம் சுடுற கில்ன் இருக்கு, அதுலயே பண்ணலாமா?

பண்ணலாம், ஆனா கண்ணாடிக்குன்னு வர்ற கில்ன்ல சூடாகுற கம்பி, அதாவது காயில், மேல மூடியில இருக்கும், தகடு முழுக்க ஒரே மாதிரி சூடாகும். மண்பாண்ட கில்ன்ல பக்கச் சுவர்ல இருக்கும், ஓரம் முதல்ல சூடாகி நடு பின்தங்கும், அதனால சின்ன பீஸ் மட்டும் நடுவுல வச்சு ரொம்ப மெதுவா ஏத்துங்க. எந்த கில்னா இருந்தாலும் எத்தனை டிகிரி, மணிக்கு எவ்ளோ வேகம், எவ்ளோ நேரம் நிறுத்தணும்னு படிப்படியா போட்டு வைக்குற கண்ட்ரோலர் இருந்தே ஆகணும். கையால ஆன் ஆஃப் பண்ணி அனீலிங் (ஒரு சூட்டுல நிறுத்தி மெதுவா ஆற வைக்குறது) பண்ண முடியாது, ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து பாத்துகிட்டு இருக்க முடியுமா?

வீட்டு கரண்ட் தாங்குமா?

3 கிலோவாட் வரைக்கும் உள்ள கில்ன்னா 15 ஆம்ப் பாயிண்ட் போதும், ஆனா அதுக்குன்னு தனி லைன், தனி எம்.சி.பி., ஒழுங்கான எர்த் வேணும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல மாட்டவே மாட்டாதீங்க, பத்து மணி நேரம் அந்த லோடு போனா பிளக்கே உருகிடும். கதவு திறந்தா காயிலுக்கு கரண்ட் நிக்குற சுவிட்ச் இருக்கானு வாங்கும்போதே பாருங்க.

நம்ம ஊர்ல இன்னொரு விஷயம் வோல்டேஜ். 230க்கு பதிலா சாயங்காலம் 200 வந்துச்சுன்னா கில்ன் சக்தி கிட்டத்தட்ட முக்கால்வாசி ஆயிடும், ஏன்னா வோல்டேஜோட ஸ்கொயர்லதான் சூடு போகும். 700 வரைக்கும் ஒழுங்கா ஏறி அப்புறம் நகர மாட்டேங்குதுன்னா காயில் போச்சுன்னு பதறாதீங்க, முதல்ல மல்டிமீட்டர எடுத்து பாயிண்ட்ல வைங்க. நான் ராத்திரி 10 மணிக்கு மேலதான் ஆரம்பிக்குறேன்.

பாதியில கரண்ட் போயிட்டா?

மூடியத் திறக்காதீங்க, இதுதான் முதல் ரெண்டாவது மூணாவது பதில். ஏறும்போது போச்சுன்னா அப்படியே ஆற விட்டு மறுநாள் மொதல்ல இருந்து ஆரம்பிக்கலாம். உச்ச சூட்டுக்கு அப்புறம் போச்சுன்னா கில்ன் செங்கல்லே கொஞ்சம் சூட்ட பிடிச்சு வச்சிருக்கும், கரண்ட் வந்ததும் இப்ப எத்தனை டிகிரின்னு பாருங்க. அனீல் சூட்டுக்கு மேல இருந்தா அந்த ஸ்டெப்ல இருந்து தொடரலாம். கீழ போயிடுச்சுன்னா மணிக்கு 50-60 டிகிரி வேகத்துல திரும்ப அனீல் சூட்டுக்கு ஏத்தி, நிறுத்தி, மறுபடி இறக்குங்க. உங்க கண்ட்ரோலர் கரண்ட் திரும்ப வந்தா தானா தொடருமா இல்ல நின்னுடுமானு காலி கில்ன்ல ஒரு தடவை சோதிச்சு வச்சுக்குங்க, சிலது மொதல் ஸ்டெப்ல இருந்து ஆரம்பிச்சுடும்.

என்ன கண்ணாடி வாங்கணும்? ஜன்னல் கண்ணாடி ஆகாதா?

தாராளமா ஆகும், நானே பாதிக்கு மேல அதுலதான் பண்றேன். கண்ணாடி கடையில கிடைக்குற 4 மி.மீ. பிளெயின் எல்லாம் ஃப்ளோட் கிளாஸ். உருகுன தகரத்து மேல கண்ணாடிய மிதக்க விட்டு இழுப்பாங்க, பில்கிங்டன் கம்பெனி 1959ல வெளிய சொன்ன முறை, இப்ப ஸ்ரீபெரும்புதூர்லயே செயின்ட் கோபேன் ஃபேக்டரி இருக்கு. விலை கம்மி, வெட்டுறப்ப மிச்சமான துண்ட கடைக்காரர் சும்மாவே கூட தருவார், கத்துக்க இத விட நல்லது இல்ல.

கவனிக்க வேண்டியது மூணு. ஒண்ணு, டஃபன்ட் கண்ணாடி (சூடு பண்ணி உறுதியாக்குனது) வேணாம், கட்டர் வச்சதும் பொடிப்பொடியா போயிடும். லேமினேட்டட் வேணாம், நடுவுல இருக்குற பிளாஸ்டிக் கருகி புகையும். ரெண்டு, ஒரே ஷீட்ல இருந்து வெட்டின துண்டுகள மட்டும் ஒண்ணா வைங்க, வேற வேற கம்பெனி ஃப்ளோட் ஒத்துப் போகும்னு நம்பாதீங்க. மூணாவது அந்த தகரப் பக்கம். மிதந்த பக்கத்துல கண்ணுக்கு தெரியாத தகரப் படலம் இருக்கும், அந்த பக்கம் கிண்ணத்தோட உள்பக்கமா வந்து சுருங்குச்சுன்னா பனி படிஞ்ச மாதிரி மங்கும், துடைச்சாலும் போகாது. ஷார்ட் வேவ் யு.வி. லைட்ட இருட்டுல ஓரத்துல சாய்ச்சு அடிச்சா தகரப் பக்கம் பால் மாதிரி மின்னும், கண்ணுக்கு யு.வி. கிளாஸ் போட்டுக்கிட்டு பாருங்க. அந்த பக்கத்துல மார்க்கர்ல ஒரு புள்ளி வச்சு, அச்சுக்குள்ள இறக்கும்போது கீழ பாக்க வைங்க.

சி.ஓ.ஈ. 90, 96ன்னு சொல்றாங்களே, அது என்ன?

சூட்டுல எவ்ளோ விரியும்ங்குறதுக்கான எண். ரெண்டு கண்ணாடி ஒட்டி ஆறும்போது ஒண்ணு அதிகமா சுருங்கி இன்னொண்ணு கம்மியா சுருங்குச்சுன்னா ஒண்ண ஒண்ணு இழுத்து வெடிக்கும். ஜெர்மனில இருந்து வந்த கண்ணாடிக் கலைஞர் கிளவுஸ் மோயெ 1979ல அமெரிக்காவுல பில்சக் கண்ணாடிப் பள்ளியில பாடம் எடுத்தப்ப இதே தொல்லைதான், கலர் கண்ணாடி ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகல. போர்ட்லேண்ட் ஊர்ல 1974ல ஆரம்பிச்ச புல்ஸ்ஐ கம்பெனிக்காரங்க அங்கதான் அவருக்கு ஒத்துப்போற கண்ணாடி செஞ்சு தர்றோம்னாங்க, நாம இன்னைக்கு வாங்குற 90 அப்படி வளந்து வந்ததுதான். 96 ஸ்பெக்ட்ரம் கம்பெனியோடது, அவங்க 2016ல மூடினப்ப ஓஷன்சைட்ங்குற கம்பெனி எடுத்துக்கிட்டாங்க.

ஆனா எண் ஒண்ணா இருந்தா போதும்னு நினைக்காதீங்க. அது 0ல இருந்து 300 டிகிரி வரைக்கும் அளந்த சராசரி, இழுவிசை உள்ள மாட்டுறதோ 500 டிகிரி பக்கம், அங்க கண்ணாடி எவ்ளோ இறுக்கமா இருக்குங்குறதும் கணக்குல வரும். கம்பெனியே டெஸ்ட் பண்ணி ஒத்துப்போகும்னு முத்திரை குத்தினத மட்டும் ஒண்ணோட ஒண்ணு சேருங்க.

உடைஞ்ச வளையல், பாட்டில் எல்லாம் போட்டு உருக்கலாமா?

ஒரே பாட்டில படுக்க வச்சு தட்டையாக்கலாம், நல்லா வரும், லேபிள் பசை சுத்தமா போகணும். ரெண்டு வேற வேற பாட்டில ஒட்ட வைக்காதீங்க. பிரோசாபாத் வளையல் ஃப்ளோட்டோட ஒத்துப் போகும்னு எந்த உத்தரவாதமும் இல்ல. ஆசையா இருந்தா ஒரு சின்னத் துண்ட நடுவுல வச்சு சோதனை சுட்டு, கீழ சொல்ற மாதிரி செக் பண்ணிட்டு பண்ணுங்க.

வெட்டுறதுக்கு என்னென்ன வேணும்?

எண்ணெய் ஊத்துற கைப்பிடி வச்ச வீல் கட்டர், கோட்டு வழியா உடைக்குற ரன்னிங் பிளையர், ஓரம் கடிக்குற கிரோசிங் பிளையர், ஸ்டீல் ஸ்கேல், ஓரம் தேய்க்குற டைமண்ட் ஹேண்ட் பேட், கண்ணுக்கு கிளாஸ். கிரைண்டர் அப்புறம் வாங்கிக்கலாம். கட்டருக்கு லேசான எண்ணெய் போதும், நம்ம கடைக்காரங்க மண்ணெண்ணெய்ல தொட்டுதான் வெட்டுறாங்க.

வெட்டுறது காதுலதான் இருக்கு. சரியான அழுத்தம்னா பட்டுத்துணி கிழிக்குற மாதிரி ஒரே சீரா 'ஸ்ஸ்ஸ்'னு ஒரு சத்தம் வரும், கோடு தலைமுடி மாதிரி மெல்லிசா தெரியும். வெள்ளையா தூள் பறந்து கரகரன்னு சத்தம் வந்தா அழுத்தம் அதிகம், உடைக்கும்போது கோட்ட விட்டு ஓடிடும். ஒரே தடவைதான் கோடு போடணும், மேலயே ரெண்டாவது தடவை ஓட்டினா வீலும் போகும் கண்ணாடியும் போகும். கோடு போட்டதும் உடனே உடைங்க, மேஜை ஓரத்துல கோட்ட வச்சு ரெண்டு கையால லேசா கீழ மடக்குனா 'டக்'னு வந்துடும். அப்புறம் சோப்பு போட்டு கழுவி, பஞ்சு உதிராத துணியில துடைச்சு, ஓரத்த மட்டும் பிடிச்சு தூக்குங்க. கைரேகை சூட்டுல அப்படியே மேல தங்கிடும்.

ஷெல்ஃப்ல (கில்ன் உள்ள கண்ணாடிய வைக்குற பலகை) ஒட்டாம இருக்க?

கில்ன் வாஷ். அலுமினா ஹைட்ரேட்டும் சைனா கிளேவும் சேந்த பவுடர், ஒரு கப் பவுடருக்கு அஞ்சு கப் தண்ணி, மோர் பதத்துக்கும் தண்ணியா இருக்கும். அகலமான மெத்துன்னு இருக்குற பிரஷ்ல நாலஞ்சு கோட், ஒவ்வொண்ணும் வேற வேற திசையில, அடிச்சுகிட்டே அடிக்கடி கலக்குங்க, அடியில தங்கிடும். நல்லா காய வைங்க. ஃபுல் ஃப்யூஸ் ஆனதும் அந்த கோட்ட சுரண்டிட்டு புதுசா அடிக்கணும், அதே கோட்டுல ரெண்டாவது தடவை சுட்டா கண்ணாடி அடியில சுண்ணாம்பு மாதிரி பிடிச்சுக்கும். ஸ்லம்பிங் அச்சுல மட்டும் ஒரே கோட் பல தடவை வரும். ஃபைபர் பேப்பர் (சூடு தாங்குற விரிப்பு) போட்டா அடிப்பக்கம் இன்னும் வழவழன்னு வரும், செலவு அதிகம்.

ஒரு நல்ல ஷெட்யூல் சொல்லுங்க.

4 மி.மீ. ஃப்ளோட் ரெண்டு அடுக்கு, உள்ளங்கை அகலத்துல இருந்து ஒரு அடி வரைக்கும், நான் போடுறது இது: மணிக்கு 150 டிகிரி வேகத்துல 650 வரைக்கும், அங்க 40 நிமிஷம் நிறுத்தம். அப்புறம் மணிக்கு 200 வேகத்துல 820, அங்க 10 நிமிஷம். அங்க இருந்து கில்ன் தானா எவ்ளோ வேகத்துல இறங்குதோ அப்படியே 550க்கு, அங்க ஒன்றரை மணி நேரம். அதுக்கப்புறம் மணிக்கு 50 வேகத்துல 450, மணிக்கு 80 வேகத்துல 370, பிறகு ஆஃப். கை வைக்குற சூட்டுக்கு வர்ற வரைக்கும் மூடியத் தொடாதீங்க. புல்ஸ்ஐ 90க்குன்னா ரெண்டு 3 மி.மீ. அடுக்குக்கு உச்சம் 804, அனீல் 482ல ஒரு மணி நேரம், மணிக்கு 83 வேகத்துல 371.

இத அப்படியே காப்பி பண்ணிடாதீங்க, உங்க கில்ன்ல சூட்ட அளக்குற தெர்மோகப்பிள் எங்க இருக்குங்குறத பொறுத்து பத்து பதினஞ்சு டிகிரி தள்ளும். ஒவ்வொரு சூட்டையும் நோட்டுல எழுதுங்க. என் கில்ன்ல ஒரு ஃபுல் ஃப்யூஸுக்கு மீட்டர்ல 10-12 யூனிட் ஓடுது.

ஆற வைக்க ஏன் இவ்ளோ நேரம்? சீக்கிரம் எடுத்தா என்ன?

ஆரம்பத்துல நானும் இதத்தான் நினைச்சேன். நான் பண்ணின மூணாவது தட்டு, நீலக்கோடு போட்டது, அழகா வந்துச்சு, அலமாரியில நிக்க வச்சேன். ரெண்டு நாள் கழிச்சு சாயங்காலம் ஹால்ல உக்காந்திருக்கும்போது 'டிக்'னு ஒரு சத்தம். போய் பாத்தா தட்டு நடுவுல ஆத்து வளைவு மாதிரி ஒரு கோடு, யாரும் தொடல, காத்து கூட அடிக்கல. அனீல்ல 15 நிமிஷம் மட்டும் நிறுத்தியிருந்தேன்.

நடக்குறது இதுதான். கண்ணாடி ஆறும்போது வெளிப்பக்கம் முதல்ல இறுகிடும், உள்ள இன்னும் சூடு. அப்புறம் உள்ள ஆறி சுருங்கப் பாக்கும், வெளிப்பக்கம் ஏற்கனவே கெட்டியாயிடுச்சு, விட்டுக் கொடுக்காது. அந்த இழுப்பு உள்ளயே மாட்டிக்கிட்டு, நாளைக்கோ அடுத்த மாசமோ என்னைக்கு வேணா வெடிக்கலாம். அனீல் சூட்டுல நிறுத்துறது உள்ளயும் வெளியயும் ஒரே சூடு வர்றதுக்கு, அதுக்கப்புறம் மெதுவா இறக்குறது அந்த சமத்த கெடுக்காம இருக்குறதுக்கு. நிறுத்துனா போதும்னு நினைச்சு அங்கிருந்து சட்டுனு இறக்குறதுதான் நிறைய பேர் பண்ற தப்பு. தடிப்பு கூடக்கூட நேரம் ரொம்ப வேகமா கூடும், புல்ஸ்ஐ டேபிள்ல 12 மி.மீ. தடிப்புக்கு மணிக்கு 55 டிகிரின்னு இறக்கச் சொல்றாங்க, 25 மி.மீ.க்கு மணிக்கு 15தான். தடிப்பு ரெண்டு மடங்கு ஆனா வேகம் கிட்டத்தட்ட நாலுல ஒரு பங்கு. அப்படி ஒரு தடி பீஸ் ரொம்ப நேரம் கில்ன்ல கிடக்கும், கிடக்கட்டும்.

விரிசல் விட்டுடுச்சு. எப்ப விட்டுச்சுன்னு எப்படி கண்டுபிடிக்கறது?

விரிசல் ஓரத்த விரலால தடவாம கண்ணால பாருங்க. ஓரம் உருண்டு மழுங்கி இருந்தா ஏறும்போதே உடைஞ்சு, அப்புறம் உச்ச சூட்டுல ஓரம் உருகியிருக்கு, அடுத்த தடவை மெதுவா ஏத்துங்க. ஓரம் பிளேடு மாதிரி இருந்தா இறங்கும்போதோ வெளிய எடுத்தப்புறமோ உடைஞ்சிருக்கு. ரெண்டு கண்ணாடி சேர்ற எல்லையையே பிடிச்சு விரிசல் ஓடியிருந்தா ஒத்துப்போகாத கண்ணாடி.

உடையுறதுக்கு முன்னாடியே பாக்கவும் வழி இருக்கு, எனக்கு ரொம்ப பிடிச்ச வேலை இது. லேப்டாப்ல வெள்ளை ஸ்கிரீன் முழுசா போடுங்க, எல்.சி.டி. வெளிச்சம் போலரைஸ் ஆகித்தான் வரும். முன்னாடி கண்ணாடி பீஸ பிடிச்சு, போலரைஸ்டு கூலிங் கிளாஸ் வழியா பாத்து, ஸ்கிரீன் கருப்பாகுற வரைக்கும் கூலிங் கிளாஸ திருப்புங்க. நல்லா ஆறின கண்ணாடி அந்த கருப்புல கருப்பாவே இருக்கும். உள்ள இழுப்பு இருந்தா அந்த எடத்துல மட்டும் வெள்ளையா ஒளி கசியும், ஒத்துப்போகாத துண்ட சுத்தி சின்ன ஒளிவட்டம் மாதிரி தெரியும்.

ஓரம் சுருங்கி முள்ளு முள்ளா வருது, நடுவுல பெரிய குமிழி வருது, மேல வெள்ளையா படியுது.

சுருங்குறது: உருகுன கண்ணாடி 6-7 மி.மீ. தடிப்புலதான் நிக்கப் பாக்கும். ஒரே 3 மி.மீ. ஷீட்ட ஃபுல் ஃப்யூஸ் பண்ணினா உள்ள இழுத்துக்கும், மூணு அடுக்கு வச்சா வெளிய வழியும்.

குமிழி: அடுக்குக்கு நடுவுல காத்து மாட்டிக்குது, 650ல நிறுத்துறது அது வெளிய போறதுக்குத்தான். ஷெல்ஃப் பள்ளமா இருந்தாலும் அடியில இருந்து பெரிய குமிழி கிளம்பும்.

வெள்ளைப் படலம் கண்ணாடி மேல படிகம் கட்டுறது, டீவிட்ரிஃபிகேஷன்னு பேரு, ஃப்ளோட்ல அதிகம். 700ல இருந்து 800க்குள்ள ரொம்ப நேரம் நின்னாலும், அழுக்கு இருந்தாலும் வரும். நான் நாட்டு மருந்து கடை வெங்காரத்த சுடு தண்ணில கரைச்சு, ஆறினதும் மெல்லிசா பிரஷ்ல தடவி வைப்பேன், பளபளன்னு வரும். சாப்பிடுற தட்டுக்கு மட்டும் இத பண்றதில்ல.

கிண்ணம் வளைக்க எவர்சில்வர் பாத்திரம் வைக்கலாமா?

வைக்கலாம், ஆனா கவுத்து வச்சு மேல இருந்து தொங்க விடுறதுக்கு மட்டும். ஆறும்போது எவர்சில்வர் கண்ணாடிய விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு சுருங்கும். டம்ளர கவுத்து மேல கண்ணாடிய போட்டா, டம்ளர் உள்ள சுருங்கி தானா கழண்டுக்கும். அதே ஸ்டீல் கிண்ணத்துக்குள்ள கண்ணாடிய இறக்குனா அது சுருங்கும்போது கண்ணாடிய நெரிச்சுடும். சுட்ட மண் அச்சுக்கு இது நேர் தலைகீழ், அது கண்ணாடிய விட கம்மியா சுருங்கும், அதனால மண் அச்சுக்கு உள்ள இறக்கணும், மேல கவுத்துப் போட்டா பிடிச்சுக்கிட்டு கண்ணாடி பிளக்கும். எதுவா இருந்தாலும் கில்ன் வாஷ் வேணும் (ஸ்டீல லேசா சூடு பண்ணி அடிச்சாதான் பிடிக்கும்). மண் அச்சுல அடியில காத்து போக ஒரு ஓட்டையும் வேணும்.

உள்ள இலை, செம்புத் தகடு எல்லாம் வைக்கலாமா?

மெல்லிசான செம்புத் தகடு நல்லா வரும், செவப்பா மாறும், சில சமயம் ஓரத்துல நீலப்பச்சை வரும். காஞ்ச இலைய ரெண்டு ஷீட்டுக்கு நடுவுல வச்சா எரிஞ்சு சாம்பல் மட்டும் நரம்போட வெள்ளையா பதியும், அவ்ளோ அழகு. அலுமினியம் ஃபாயில் 660லயே உருகிடும், நான் வைக்கிறதில்ல.

தூசி ஆபத்தா?

ஆமா, இதுல விட்டுக்கொடுக்காதீங்க. கில்ன் வாஷ் சுரண்டும்போதும், சுட்ட ஃபைபர் பேப்பர எடுக்கும்போதும் என்95 மாஸ்க் போட்டே ஆகணும், நுரையீரலுக்குள்ள போனா திரும்பி வராது. வெளக்கமாத்துல பெருக்காதீங்க, ஈரத்துணியில துடைங்க. சமைக்குற எடத்துல இந்த வேலை வேணவே வேணாம். சுடும்போது ஜன்னல் திறந்திருக்கணும், நைலான் புடவை துப்பட்டாவோட கில்ன் பக்கம் போகாதீங்க.

இதுல சாப்பிடலாமா?

பிளெயின் ஃப்ளோட்ல, வழவழன்னு முழுசா உருகி வந்த தட்டுல சாப்பிடலாம். எனாமல் பெயிண்ட் போட்டது, எந்த கண்ணாடின்னே தெரியாதது, இதெல்லாம் சுவத்துல மாட்டுங்க. அடுப்புலயோ மைக்ரோவேவ்லயோ வைக்காதீங்க.

முதல் பீஸா என்ன பண்ணட்டும்?

ஒரே ஷீட்ல இருந்து 10 செ.மீ. சதுரம் ரெண்டு, நடுவுல ஒரு செம்புத் துண்டு, மேல சொன்ன ஷெட்யூல். ராத்திரி போடுங்க, காலையில கில்ன் இன்னும் ஆறிகிட்டுதான் இருக்கும், எடுக்கணும்னு கை பரபரக்கும், ஆபீஸ் போயிட்டு சாயங்காலம் வந்து திறங்க. முதல்ல லேப்டாப் முன்னாடி பிடிச்சுப் பாருங்க, கருப்பா இருந்துச்சுன்னா அதுல டீ கிளாஸ வைங்க.